வெள்ளைக் குடை

செப்டம்பர் 8, செவ்வாய்

மழை விடவில்லை. மழை நாளில் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு ரகம். கண்ணாடியை உடைத்துக்கொண்டவர்கள் ஒரு ரகம். நனையாமல் ஒதுங்க வந்துவிட்டு ஃபிரேம் பார்ப்பதுபோல நடிப்பவர்கள் இன்னொரு ரகம். இன்று வந்தவள் முதல் ரகம். முட்டி வரைக்கும் சேறு. காட்டில் வழுக்கி விழுந்ததில் கண்ணாடியின் கால் ஒன்று கழன்றுவிட்டதாம். அதைத் தேடுகிறேன் என்று பைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கவுண்டர்மேல் எடுத்து வைத்தாள். காகிதப் பொட்டலம், காகிதப் பொட்டலம், இன்னும் ஒரு காகிதப் பொட்டலம். எல்லாவற்றிலும் காளான்! ஒன்று ஆரஞ்சு, ஒன்று ஊதா. ஊதாவில் காளான் உண்டென்று இத்தனை வயது வரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

செடிகளுக்கு வரும் நோய்களை ஆராய்கிற நிலையத்தில் வேலையாம். காளான் பார்ப்பதே உத்தியோகம்! என்னைவிட நிறைய சின்னவள்தான், ஆனால் பேச்சில் தயவுதாட்சண்யம் கிடையாது.

"இதெல்லாம் சாப்பிடலாமா மேடம்?" என்று திருகாணியை முடுக்கிக்கொண்டே கேட்டேன்.

"சாப்பிடலாம்னு நெனச்சவங்க வயித்துல இருந்து எடுத்தத எங்க லேபுக்குத்தான் அனுப்புவாங்க," என்றாள்.

திருகாணி கீழே விழுந்துவிட்டது. நான் மேசைக்கடியில் அதைத் தேடிக்கொண்டிருக்க, அவள் மேலே நின்று காளானை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்லிக்கொண்டே போனாள். பாதிதான் காதில் விழுந்தது. குடையை மட்டும் தனியாக எடுத்துத் தாள்மேல் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் அதன் அடியில் பொடியாக ஒரு படம் விழுந்திருக்குமாம். அந்தப் பொடியின் நிறம் காளானின் கைரேகை மாதிரி. அடடா! இதைக் கேட்டபிறகு மனுஷியால் ஒழுங்காக வேலை பார்க்க முடியுமா?

செப்டம்பர் 9, புதன்

பழைய புத்தகக் கடையில் காளான் புத்தகம் கிடைத்துவிட்டது. அட்டை இல்லை. படங்கள் இருக்கின்றன, அது போதும். வீட்டுக்காரர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "பூஞ்சைக்கு இவ்வளவு மரியாதையா?" என்றார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். மேலேயும் கீழேயும் போகாத எதிலும் அவருக்கு அக்கறை கிடையாது.

செப்டம்பர் 12, சனி

கண்டுபிடித்தேன்! நானே, என் கண்ணாலேயே!

கடை அரை நாள். அவரை இழுத்துக்கொண்டு பஸ்ஸின் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து காட்டுக்குள் நடந்தேன். அவர் வழியெல்லாம் முனகல். செருப்பில் சேறு, சட்டையில் முள், கழுத்தில் கொசு. நான் எதையும் காதில் வாங்கவில்லை. ஒரு பெரிய மரத்தடியில், ஈரச்சருகுக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று — நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. ஒன்றில்லை, ஒரு கூட்டமே! மொட்டு, பாதி விரிந்தது, முழுதாக விரிந்தது என்று குடும்பம் குடும்பமாக. அப்படியே மண்டியிட்டுவிட்டேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தரையோடு ஒட்டி, சேறு படாமல், சுத்தமாக வெட்டி எடுத்தேன். லென்ஸ்மேல் ஒட்டிவரும் உறையை வெட்டுகிற கத்தி, அதில் பிசிறே வராது.

"வெளுத்ததெல்லாம் பால்னு நெனைக்காத," என்றார் அவர்.

"பாலையும் சுண்ணாம்பையும் பிரிச்சுப் பாக்கறதுதான் என் தொழில்," என்றேன். இப்படி ஒரு பதில் சமயத்தில் வந்து விழுவது எனக்கு வருஷத்துக்கு ஒருமுறை.

வீட்டுக்கு வந்து புத்தகத்தை விரித்தேன். வெள்ளைக் குடை — இருக்கிறது. தண்டில் சின்னப் பாவாடை கட்டினதுபோல ஒரு வளையம் — இருக்கிறது. குடைக்கு அடியில் விசிறி மடிப்பு — இருக்கிறது. புத்தகத்தில் அந்த மடிப்பு இளஞ்சிவப்பு என்று போட்டிருக்கிறது. என்னுடையது வெள்ளை. ஆனால் கீழேயே எழுதியிருக்கிறான், 'இளசாக இருக்கும்போது வெளிறியிருக்கும்' என்று. அப்புறம் என்ன! மார்க்கெட்டில் விற்கிற மொட்டுக் காளானுக்கு ஒன்றுவிட்ட அக்கா இது. தாராளமாகச் சாப்பிடலாம்.

நல்ல குடையாக ஒன்றை எடுத்து, சாப்பாட்டு மேசையில் வெள்ளைத்தாள்மேல் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி வைத்திருக்கிறேன். புத்தகத்தின்படி கரும்பழுப்புப் பொடி விழவேண்டும். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு எழுந்துவந்தவள் மாதிரி அந்தப் பக்கமே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

காலையில் பல்கூட விளக்காமல் கிண்ணத்தைத் தூக்கினேன். ஒன்றுமில்லை. தாள் துடைத்துவிட்டதுபோல வெள்ளையாகவே இருக்கிறது.

கொஞ்சம் சப்பென்றுதான் ஆகிவிட்டது. அப்புறம் யோசித்தேன் — இளசு! மடிப்பே இன்னும் சிவக்கவில்லை, பொடி எங்கிருந்து விழும்? எல்லாம் ஒத்துப்போகிறது.

மேடம் கொடுத்த நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக யார் எடுப்பார்கள்.

மத்தியானம் தம்பி வந்தான். இவ்வளவு வருஷமாக அடுத்தவன் அடுப்படியில் வேலை பார்த்தவன், அடுத்த மாதம் சொந்தமாகச் சாப்பாட்டுக்கடை திறக்கப்போகிறான். அந்தத் தெருவில் இருக்கும் பழைய கடைக்காரர்கள் அவனை 'நேத்துப் பெய்ஞ்ச மழைக்கு இன்னைக்கு முளைச்ச காளான்' என்கிறார்களாம். அந்தக் கடுப்பில் இருந்தவன் கண்ணில் என் கூடை பட்டதும், "அக்கா! இதான்!" என்று கத்தியேவிட்டான். "காளான்னுதானே சொல்றானுங்க? காளானையே போட்டுக் காட்றேன். ஊர்ல ஒரு கடையிலயும் கிடைக்காதது!"

நல்லதுதானா என்று அவன் ஒருமுறைதான் கேட்டான். நான் நாலு காரணம் சொன்னேன். புத்தகத்தோடு ஒத்துப்போகிறது. தோல் சுலபமாக உரிகிறது. வாசனை அருமை. அப்புறம், ஒரு குடையின் ஓரத்தை நத்தை தின்றிருக்கிறது. நத்தைக்கு ஒன்றும் ஆகவில்லையே! அவனும் அவன் பங்குக்கு, கொதிக்கிற சட்டியில் வெள்ளிக் கரண்டியைப் போட்டுக் கறுக்கிறதா என்று பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். அவனுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தவர் சொன்ன வழியாம்.

"அந்த மேடம்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்டா," என்றேன். சொன்னேன்தான். ஆனால் சும்மா ஒப்புக்குத்தான் சொன்னேன் என்று எனக்கே தெரியும்.

"அவங்க வர்ற வரைக்கும் காளான் வாடாம காத்துகிட்டிருக்குமா? நாளைக்கு மத்தியானம் வெண்ணெயும் மிளகும் போட்டு ஒரு வதக்கு வதக்கிப் பாக்கறேன். நீ வந்துடு. நீ கடிச்சாத்தானே நான் கடிப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல் முளைத்த நாளிலிருந்து இதே கதை. புதிதாக எதைக் கொடுத்தாலும் அக்கா முதலில் கடித்துக் காட்டவேண்டும். கடித்து, மென்று, முழுங்கி, 'நல்லாருக்கு' என்று சொல்லவேண்டும். அப்புறம்தான் ஐயா வாயைத் திறப்பார். இப்போது தலையில் நரை எட்டிப்பார்க்கிறது, பழக்கம் மட்டும் போகவில்லை.

கூடையோடு கொடுத்தனுப்பினேன். பொடி விழாத அந்த வெள்ளைத்தாளின் ஓரத்தில், திரும்பப் போய்ப் பறிக்க வசதியாக மரத்துக்கு வழி வரைந்து வைத்திருக்கிறேன். நாளைக்கு அவனிடம் கொடுக்கவேண்டும்.

என் தம்பி கடையில் என் காளான்! பெயர்ப்பலகையில் என் பெயரைப் போடச் சொல்லலாமா?

செப்டம்பர் 14, திங்கள். காலை

மத்தியானம் விருந்து! முதலாளியிடம் கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறேன். ஏன் என்று கேட்டார். சொல்லவில்லை. வந்து சொல்லிக்கொள்ளலாம்.

அதே நாள், மாலை

எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். வரட்டும்.

பதினொரு மணிவாக்கில் ஒருவர் கண்ணாடி மங்கலாக இருக்கிறதென்று வந்தார். துடைத்துக் கொடுக்கப் பையிலிருந்து என் கறுப்புத் துணியை எடுத்தேன். அந்த வரைபடத் தாளை மடித்து வைத்திருந்தேனே, அதன் மடிப்புக்குள் துணி மாட்டிக்கொண்டிருந்தது. உருவி விரித்தேன். துணிமேல் வெள்ளைப் பொடி.

லென்ஸ் தேய்த்த தூசி என்றுதான் நினைத்தேன். ஊதித் தள்ளவும் வாயைக் குவித்துவிட்டேன். ஆனால் தூசி கோடு கோடாக விழுமா? சைக்கிள் சக்கரத்துக் கம்பிபோல, நடுவிலிருந்து வரிவரியாக?

தாளை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தேன். இருந்தது. முழுப் படமும் இருந்தது. அழகாக, அச்சுப் பிசகாமல், வெள்ளைத்தாள்மேல் வெள்ளையாக.

எங்கள் கடையில் எதையும் வெள்ளைத்தாள்மேல் வைத்துத்தான் பார்ப்போம். கீறல், சாயம், பிசிறு, எல்லாம் வெள்ளையில்தான் தெரியும். அது முதலாளியின் வேதம். எனக்கும் கை தானாக வெள்ளைத்தாளுக்குத்தான் போகும். வெள்ளையில் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். வெள்ளை.

பொடி கரும்பழுப்பு இல்லை. அப்படியென்றால் இது இளசும் இல்லை, மொட்டுக் காளானுக்கு அக்காவும் இல்லை. அப்ப இது என்னது? நான் என்னத்தத் தூக்கிக் குடுத்தேன்?

தம்பிக்கு அடித்தேன். எடுக்கவில்லை. திரும்ப அடித்தேன். எடுக்கல. அவன் பெண்டாட்டிக்கு அடித்தேன், அவளும் எடுக்கல. தம்பி கடையில் தச்சர் மேசைக்குத் துளை போடுகிற நாளாம், அந்தச் சத்தத்தில் எதுதான் கேட்கும்! முதலாளியிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினேன் என்று நினைவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியவில்லை. ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு, தெருவெல்லாம் வேடிக்கை பார்க்க, மழையில் ஓடினேன். அவன் கடிக்க மாட்டான், நான் கடிக்காமல் கடிக்கவே மாட்டான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன். ஆனால் பசித்தால்? ஒரு துண்டு ருசி பார்த்தால்? சமைக்கிறவன்தானே அவன், உப்பு பார்க்க மாட்டானா?

பாதி சாயம் அடித்த கடை. புது மேசை. மேசையைச் சுற்றித் தம்பி, அவன் பெண்டாட்டி, தச்சர். நடுவில் தட்டு. வெண்ணெய் வாசனை.

"யாராவது தொட்டீங்களா?" என்று கத்தினேன்.

"உங்க தம்பி எங்கம்மா தொட விட்டாரு?" என்றார் தச்சர். "அக்கா வரட்டும், அக்கா வரட்டும்னு வாசனைய மட்டும் காட்டியே கொன்னுட்டாரு. எல்லாம் ஆறியே போச்சு."

வயிற்றில் பாலை வார்த்தார் மனுஷன். "நீ உப்புகூடப் பாக்கலையாடா?" என்றேன். இல்லையென்று தலையாட்டினான். தட்டைத் தூக்கி அப்படியே ஒரு பைக்குள் கொட்டினேன்.

"என்ன பண்ற அக்கா?"

"இது நான் நெனச்ச காளான் இல்லடா. என்னன்னே தெரியல."

"நேத்து நாலு காரணம் சொன்னியே?"

"நாலும் தப்பு."

அவன் சட்டியைத் தேய்த்துக் கழுவினான். இன்னொரு தரம் கழுவினான். அப்புறம் என்ன நினைத்தானோ, சட்டியையே தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டான்.

செப்டம்பர் 15, செவ்வாய்

ஆய்வு நிலையத்துக்குத் தம்பியும் கூட வந்தான். மிச்சமிருந்த சமைக்காத காளான்களை மேடம் ஒரு நிமிஷம் திருப்பிப் பார்த்தாள். "அடி எங்க?" என்றாள்.

"எந்த அடி?"

"மண்ணுக்குள்ள இருக்கற அடி. அதத்தான் அன்னைக்குக் கடையில முக்கியமாச் சொன்னேன், அடியோட தோண்டி எடுக்கணும்னு."

நான் அப்போது மேசைக்கடியில் திருகாணி தேடிக்கொண்டிருந்தேன்! சுத்தமாக, பிசிறில்லாமல், அடையாளத்தையே மண்ணில் விட்டுவிட்டு வெட்டி எடுத்து வந்திருக்கிறேன். மேடம் பொடியை உருப்பெருக்கியில் வைத்தாள், வெள்ளை மடிப்பையும் வளையத்தையும் பார்த்தாள், பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "கொல்ற ஜாதி. ரெண்டு குடை போதும், ஒரு வீட்டுக்கே. வேகவெச்சாலும் போகாது."

வெள்ளிக் கரண்டியைப் பற்றித் தம்பி மெதுவாகக் கேட்டான். "கரண்டிக்கு என்ன தெரியும்?" என்றாள். நத்தையைப் பற்றி நான் கேட்டேன். "நத்த வயிறு வேற, உங்க வயிறு வேற." தோலும் வாசனையும் கேட்கத் தைரியம் வரவில்லை.

அப்புறம் நான்தான் சமாளிப்பதற்காக, "எப்படியும் நான் முதல்ல கடிச்சுப் பாத்துத்தான் மத்தவங்களுக்குக் குடுத்திருப்பேன்," என்றேன்.

மேடம் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கடிச்சா ஒண்ணும் தெரியாதுங்க. ருசியா இருக்கும்னுதான் சொல்வாங்க, பொழச்சவங்க. அரை நாளைக்கு ஒண்ணுமே பண்ணாது. அப்புறம் வாந்தி. நடுவுல ஒரு நாள் சரியாப்போன மாதிரி இருக்கும். அதுக்குள்ள ஈரல் போயிருக்கும்."

அதாவது நான் கடித்திருப்பேன். மென்று, முழுங்கி, 'நல்லாருக்குடா' என்று சொல்லியிருப்பேன். அவன் நம்பிச் சாப்பிட்டிருப்பான். இவ்வளவு வருஷமாக நான் அவனுக்குக் காட்டிவந்த அத்தாட்சிக்கு ஒரு மதிப்பும் இல்லை. எங்களைக் காப்பாற்றியது நான் கடித்துப் பார்ப்பது இல்லை. எனக்காக அவன் காத்திருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 17, வியாழன்

அவன் போன் பண்ணவில்லை.

செப்டம்பர் 19, சனி

மேடம் கடைக்கே வந்து, "வர்றீங்களா, அந்த மரத்தக் காட்டுங்க," என்றாள். எந்த முகத்தோடு போவது என்று யோசித்தேன். முகத்தைவிட ஆசை பெரிது. போனேன்.

புதிதாக முளைத்திருந்தன. இந்தமுறை கத்தி இல்லை. சின்ன மண்வெட்டி. சுற்றி மண்ணைத் தளர்த்தி, விரலால் சருகை விலக்கி, மெதுவாக, மெதுவாக — வந்தது! தண்டின் அடியில் ஒரு பை! கிழிந்த முட்டை ஓட்டுக்குள்ளிருந்து எழுந்து நிற்கிறதுபோல, பைக்குள்ளிருந்து எழுந்து நிற்கிறது. அதற்குள் விரல் விட்டுப் பார்த்தேன். இதுதான், இதுதான் அது! சாவைக் கையில் வைத்துக்கொண்டு குதிக்கிற ஒரே பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன். ஆனால் என்ன செய்வது, பெயர் தெரியாமல் பயப்படுவதற்கும் அடையாளம் தெரிந்து பயப்படுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

மடிப்பு வெள்ளை. வளையம். பை. பொடி வெள்ளை — அதைப் பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமான அட்டைமேல் பிடிக்கவேண்டும். எந்த நிறமானாலும் ஏதோ ஒரு பாதியில் தெரிந்துவிடும். கறுப்பு அட்டையை நான் கடையிலிருந்தே வெட்டிக்கொண்டு போயிருந்தேன். மேடம் அதைப் பார்த்துவிட்டு முதல்முறையாகச் சிரித்தாள். சனிக்கிழமைதோறும் வரச் சொல்லியிருக்கிறாள்!

அவரிடம் வந்து எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். "அப்ப பால் இல்ல, சுண்ணாம்பு," என்றார். ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்திருக்கிறார் போலிருக்கிறது.

செப்டம்பர் 27, ஞாயிறு

தம்பி வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். அதாவது அவன் பெண்டாட்டி கூப்பிட்டாள். ஏதோ புதுவிதமாகக் கிழங்கு வறுத்திருந்தான், கடையில் போடுவதற்கு. தட்டு வந்தது. வழக்கம்போல் நான் கையை நீட்டினேன். அதற்குள் அவன் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். என்னைப் பார்க்கக்கூட இல்லை. மென்று முடித்தபிறகுதான் தட்டை என் பக்கம் தள்ளினான்.

கிழங்குதான. வெறும் கிழங்கு. அதுக்குப் போய் எனக்கு ஏன் இப்படி அழுக வருது? என்மேல இருந்த நம்பிக்க போயிடுச்சு, அவ்வளவுதான். போகாம? கொல்லப் பாத்தவள நம்புவானா?

அவர் பக்கத்தில் நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அக்டோபர் 3, சனி

காட்டில் ஊதாக் காளான் பார்த்தேன், நானே, மேடம் காட்டாமல்! தோண்டி, அட்டைமேல் கவிழ்த்து, எல்லாம் எழுதி வைத்தேன். 'சாப்பிடலாமா?' என்று இப்போதெல்லாம் நான் கேட்பதே இல்லை. 'இது யார்?' என்றுதான் கேட்கிறேன். இதையெல்லாம் முதலில் தம்பியிடம்தான் சொல்லியிருப்பேன். போனை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

அக்டோபர் 11, ஞாயிறு

கடை திறந்தாயிற்று! எல்லா மேசையும் நிறைந்துவிட்டது. 'நேத்து முளைச்ச காளான்' என்று சொன்ன பழைய கடைக்காரர்கள்கூட வந்து மூலை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரவழைத்துச் சாப்பிட்டார்கள். தச்சர் அவர் செய்த மேசையையே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் தம்பி அடுப்படிக்குள் கூப்பிட்டான். சட்டியில் காளான். வெண்ணெய், மிளகு. நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"மார்க்கெட்ல வாங்கினது. மொட்டுக் காளான். பயப்படாத," என்றான். சொல்லிவிட்டுக் கரண்டியில் ஒரு துண்டை எடுத்து அவனே வாயில் போட்டுக்கொண்டான். மறுபடியும். எனக்கு முன்னாலேயே.

பொறுக்கவில்லை. "என்மேல நம்பிக்க இல்லேன்னா வாயத் தொறந்து சொல்லிடுடா," என்றேன். "இப்படித் தட்ட முன்னால வெச்சுக்கிட்டு நீயே தின்னு காட்டாத."

அவன் மெல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "லூசா நீ?" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் கரண்டியையே திருப்பிக்கொண்டிருந்தான். "அன்னைக்கு அந்தம்மா சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா? ருசியாத்தான் இருக்கும்னு. நீயும் சாப்பிட்டு நல்லாருக்குன்னு சொல்லியிருப்ப. பஸ்ஸுல வர்றப்போ பூரா எனக்கு அதுதான் ஓடிச்சு. சின்ன வயசுல இருந்து நான் உன்னத்தான முதல்ல கடிக்க விட்டேன். வெஷம்னா உனக்குத்தான முதல்ல. அது ஒருநாள்கூட என் மண்டையில ஏறலக்கா." மூக்கை உறிஞ்சிக்கொண்டான். மிளகு என்றான். "இனிமே நான்தான் முதல்ல."

முட்டாள். முட்டாள் பயல். நான் ஒரு மாதமாக அழுதுகொண்டிருக்கிறேன், அவன் ஒரு மாதமாக எனக்கு முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்.

"கடிச்சா ஒண்ணும் தெரியாதுன்னு அந்தம்மா அதையும்தான்டா சொன்னாங்க," என்றேன்.

"தெரியும். இருந்தாலும்."

இரண்டாவது துண்டை அவன் கரண்டியில் எடுத்தான். அது அவன் வாய்க்குப் போவதற்குள் நான் பிடுங்கிச் சாப்பிட்டுவிட்டேன். உப்பு கொஞ்சம் கம்மி. சொன்னேன். போட்டான்.